மீதித் துண்டு

திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே மருதுபாண்டி வேனோடு நின்றிருந்தார். ஒவ்வொரு விடுமுறைக்கும் எங்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அவர்தான். பெட்டிகளை வாங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் எங்க, மேடம்? அடுத்த பிளைட்டா?"

என் மகள் யும்னா என் விரல்களை இறுக்கினாள். வெயிலில், அத்தனை பேருக்கு நடுவில், அந்தச் செய்தியைச் சொல்ல வாய் வரவில்லை.

"பின்னாடி வாராங்க" என்றுவிட்டேன்.

"அதான பாத்தேன். ஏசியக் கூட்டு, ஏசியக் கொறைன்னு என் உசுர எடுக்க ஆள் வேணும்ல?" என்று சிரித்தபடி கதவைச் சாத்தினார்.

நானும் என் கணவர் அம்மாரும் ஓமனில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினோம். அவர் நுண்ணுயிரியல், நான் ஆங்கிலம். ஜூலையில் விடுமுறை விட்டதும் எங்கள் ஊர் திருப்பாலைக்குடிக்கு வருவோம். ஆகஸ்ட் கடைசியில் வீட்டைப் பூட்டி, பக்கத்துத் தெருவில் இருக்கும் என் மூத்த சகோதரி சுலைகா ராத்தாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்புவோம். அந்த வருடம் ஜனவரியில், தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் மேசையிலேயே சாய்ந்துவிட்டார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். அந்தக் கபுரை நான் பார்க்கவில்லை. பெயர் பொறிக்காத ஒரு கல் நட்டிருப்பதாகச் சொன்னார்கள். கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்க வேண்டிய இத்தாவை அங்கேயே இருந்து முடித்து, மிச்சமிருந்த வகுப்புகளையும் எடுத்துவிட்டு, விடுமுறை விட்டதும் மகளோடு கிளம்பி வந்தேன்.

வீட்டைத் திறந்ததும் எப்போதும் வரும் வாடைதான் முதலில் வந்தது. அடைபட்ட காற்று, பல்லி எச்சம், உப்பு ஊறிய சுவர். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. சொத்தைப் பல்காரர் முகத்துக்கு நேரே வந்து பேசினால் அடிக்குமே, அது.

"ஜன்னலெல்லாம் நேத்தே தொறந்து போட்டேன்" என்றாள் ராத்தா. "போக மாட்டேங்குது."

அவள் அழுது முடித்திருந்தாள். நானும்தான். என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய் மேலே காட்டினாள்.

கம்பியில் மூன்று உப்புக்கண்டத் துண்டுகள் தொங்கின.

எங்கள் உம்மா வழி ஆட்கள் தோணியில் இலங்கைக்கு வியாபாரம் போன காலத்து வழக்கம் அது. பயணம் கிளம்புகிறவர், பக்ரீத் குர்பானி கறியில் போட்ட உப்புக்கண்டத்தில் ஒரு துண்டை எடுத்து ஒரு கடி கடித்துவிட்டு, மீதியைச் சணலில் கட்டித் தொங்கவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் முதல் வாய்ச் சோற்றுக்கு அந்த மீதியைத்தான் பொரித்துத் தின்பார். திரும்பாதவருடையதை அவருடைய பெண்சாதி தன் கையால் இறக்கிப் புதைத்துவிட வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது.

அம்மார் இதைக் கேலி செய்வார். "இதுல இருக்குற பூஞ்சைய வச்சே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாம்" என்பார். ஆனால் கிளம்பும்போது முதல் ஆளாக வந்து கடிப்பவரும் அவர்தான். கல்லூரிக் காலத்தில் தேவிபட்டினம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்ததில் அவருக்கு முன்பல் ஒன்று பாதி போயிருந்தது. தாடையும் சற்று விலகி, இடதுபக்கம் மெல்லும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். திருமணமான புதிதில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது அந்தச் சத்தத்துக்கு நான் சிரித்துக்கொண்டே இருப்பேன்.

"பொழுது சாஞ்சு மக்ரிபு ஆகறதுக்கு முன்னாடி இறக்கிப் பொதைச்சிரு புள்ள" என்றாள் ராத்தா.

யும்னாவுடையதையும் என்னுடையதையும் இறக்கிப் பொரித்துத் தின்றோம். அவருடையதைத் தொடவில்லை. அதன் விளிம்பில், கடித்த வளைவின் நடுவே, பாதிப் பல் விட்ட மேடு அப்படியே இருந்தது. ஓமனில் பெயரில்லாத ஒரு கல்லும் இங்கே இந்தக் கடியும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

"நாளைக்கு" என்றேன்.

ராத்தா முக்காட்டை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாளே அந்தத் துண்டு ஈரமாகிவிட்டது. ஒரு வருடம் காய்ந்து கட்டையாய்க் கிடந்த கறியிலிருந்து பழுப்பாய் ஏதோ சொட்டி, தரையில் வட்டமாய் உறைந்திருந்தது. ஈக்கள் மொய்த்தன. கடற்காற்றில் உப்பு நீர்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பினாயில் ஊற்றித் துடைத்தேன். துடைத்த இடத்தில் மறுபடியும் சொட்டியது. விரலில் பட்டபோது கொழகொழவென்று நூலாய் நீண்டது.

எச்சில்.

அன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு யும்னாவைப் படுக்க வைத்திருந்தேன். தெருவில் ஆள் நடமாட்டமில்லை. மீன் காயும் வாடையோடு அனல் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது.

அடுப்படியில் யாரோ மெல்லும் சத்தம் கேட்டது.

டக்.

சற்று விட்டு, மறுபடியும். டக்.

பயம் வரவில்லை. அதை எழுத எனக்குக் கூச்சமில்லை. சாத்தியிருந்த அடுப்படிக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, மரத்தில் காதை வைத்துக் கேட்டேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு மூச்சு முழுதாய் உள்ளே போனது. "பசியோட இருந்தீங்களா?" என்று கதவுக்குள் கேட்டேன்.

சத்தம் நின்றது. பிறகு, இன்னும் வேகமாகத் தொடங்கியது.

அது ஓய்ந்த பிறகுதான் உள்ளே போனேன். துண்டில் பாதியைக் காணவில்லை. புதுக்கடியின் நடுவிலும் அதே மேடு. அடுப்பு மேடையில் மென்று துப்பிய சக்கைகள் சிறு சிறு உருண்டைகளாய் ஓரமாக அடுக்கியிருந்தன. அவர் தட்டின் ஓரத்தில் வைப்பாரே, அதே மாதிரி. ஒன்றை எடுத்தேன். உள்ளங்கையில் அது அசைந்தது. பிட்டுப் பார்த்தால் வெள்ளைப் புழுக்கள். அவற்றுக்கு நடுவே பழுத்த ஒரு பல்.

பாதி உடைந்த பல்.

கையை உதறினேன். கழுவிக் கழுவியும் அந்த வாடை விரலிடுக்கைவிட்டுப் போகவில்லை. அப்போதும் துண்டை இறக்க மனம் வராமல் அடுப்படியைப் பூட்டிவிட்டு, ராத்தா வீட்டுக்கு ஓடினேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"பாதி. பாதியும் இருக்காது."

"அடி பைத்தியக்காரி. மீதி தீந்துச்சுன்னா வீடு திரும்பிட்டதா அர்த்தம்டி. வந்தவங்கள அப்பறம் எப்படிப் போகச் சொல்லுவ?"

"அவங்கதான ராத்தா. வேற யாரோவா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மாரு தம்பி மய்யத்தாகி மண்ணுக்குள்ள இருக்கு. அதோட ரூஹு நிம்மதிக்கு நாம துஆ செய்றோம். இங்கன வந்து திங்கிறது அந்தப் பல்லும் பசியும்தான், புருசன் இல்ல. புள்ள எங்க?"

"தூங்குறா."

"அந்த வீட்லயா விட்டுட்டு வந்த?"

இருவரும் ஓடினோம்.

நான் பூட்டிய அடுப்படி திறந்து கிடந்தது. சாவி என் கையில்தான் இருந்தது. உள்ளே யும்னா கால்களை மடக்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒருபக்கம் உப்பியிருந்தது.

"என்னடி திங்கிற?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"வாயத் தொற!"

தாடையைப் பிடித்து அழுத்தித் திறந்தேன். நாக்கின் மேல் சாம்பல் நிறத்தில், மென்று கூழாக்கிய கறி. விரலை விட்டு வழித்து எடுத்தேன். வழிக்க வழிக்க வந்துகொண்டே இருந்தது. வெதுவெதுவென்று இருந்தது.

"வாப்பா மென்னு குடுத்தாங்க" என்றாள், அழுதுகொண்டே. "சின்னப்புள்ளைல குடுப்பாங்கள்ல, அது மாதிரி."

உண்மைதான். பல் முழுதாய் முளைக்காத வயதில் அவள் உப்புக்கண்டத்துக்கு அழுவாள். அவர் நன்றாக மென்று, தன் வாயிலிருந்து எடுத்து அவள் வாயில் வைப்பார். பாக்டீரியாவைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர் செய்கிற வேலையா இது என்று நான் திட்டுவேன்.

நிமிர்ந்து பார்த்தேன். கம்பியில் கட்டைவிரல் அளவு மிச்சம். என் கண்ணெதிரே அது ஒருமுறை இழுபட்டது. கம்பி அதிர்ந்தது. அந்தச் சொத்தைப் பல் வாடை என் முகத்தின் மேலேயே, என் உதட்டுக்கு மிக அருகில், மூச்சாய் வந்து அடித்தது. முத்தம் கொடுக்க வரும்போது அவர் எப்போதும் சற்று இடப்பக்கம் தலையைச் சாய்ப்பார். வாடையும் அங்கிருந்துதான் வந்தது.

"சீ!" என்றேன்.

பதினோரு வருட வாழ்க்கையில் அவரைப் பார்த்து நான் சொல்லாத சொல்.

கம்பி அதிர்வது நின்றது. வாடை மெல்லப் பின்வாங்கியது. அப்படிச் சொன்னால் அவர் எப்படிப் பின்வாங்கியிருப்பாரோ, அப்படி.

துண்டைப் பிடுங்கினேன். கைக்குள் அது நாக்கைப் போலப் புரண்டது. ராத்தா மண்வெட்டியோடு முன்னே நடந்தாள். கடலோரத்து உடைமரத்தடியில் குழி வெட்டி, என் கையால் அதை வைத்து மண்ணைத் தள்ளினேன். அந்தப் பல்லையும் சக்கையையும் அதனோடே போட்டேன். அழுகை வரவில்லை. வாந்திதான் வந்தது. சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை மணலில் குனிந்தே இருந்தேன்.

மிச்ச விடுமுறையை ராத்தா வீட்டில் கழித்தோம். அந்த வருடம் எங்களுக்கென்று உப்புக்கண்டம் போடவில்லை. யாரும் எதையும் கடிக்கவில்லை. கிளம்பும் அன்று பெட்டிகளை எடுக்க மட்டும் வீட்டைத் திறந்தோம். விஷயம் தெரிந்திருந்த மருதுபாண்டி தலையைக் குனிந்தபடி, "தெரியாமக் கேட்டுப்புட்டேன் மேடம்" என்றார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் யும்னாவைக் காணோம். கூப்பிட்டதும் உள்ளேயிருந்து வந்தாள், உதட்டைத் துடைத்துக்கொண்டே. தண்ணீர் குடித்ததாகச் சொன்னாள்.

இப்போது அடுத்த வருட ஜூன், மறுபடியும் விடுமுறை நெருங்குகிறது. ஊருக்குப் போக வேண்டாம் என்று இங்கே ஓமனிலேயே கோடைக்கால வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அது தெரியாமல், எங்களுக்காக வீட்டைக் கூட்டப் போன ராத்தா இன்று மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டாள். முக்காட்டால் மூக்கை மூடியிருந்தாள்.

"போறப்ப ஏதாச்சும் கட்டிட்டுப் போனியா புள்ள?"

"இல்லையே ராத்தா."

அவள் போனை உயர்த்தினாள். அடுப்படிக் கம்பியில் சணல் கட்டி இரண்டு துண்டுகள் தொங்கின. ஒன்றில் ஒரு குழந்தையின் சின்னக் கடி. அதை ஒட்டித் தொங்கிய மற்றொன்றில், வளைவின் நடுவே ஒரு மேடு.

போனை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தேன். யும்னா அவருடைய மேசையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை அவள். பசிக்கவில்லை என்றிருந்தாள்.

"நாம எப்ப உம்மா ஊருக்குப் போறோம்?" என்று நிமிராமல் கேட்டாள்.

"இந்த வருசம் போகல."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வாயை மூடியபடியே சிரித்தாள். கன்னம் இடதுபக்கம் மெல்ல அசைந்தது.

டக்.