கெண்டை வயிற்றில் நீல நூல்

அம்மா மீன் ஆய உட்கார்ந்தால் பூமிகாவும் பக்கத்தில் ஒட்டிக்கொள்வாள். மீன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குத் தலையே வெடித்துவிடும்.

அன்று அப்பா வாய்க்காலில் பிடித்து வந்த கெண்டை. குடலைக் குச்சியால் கிளறியவள் கத்தினாள்.

“அம்மா, மீனுக்குள்ள நூலு!”

“மீன் என்ன தையல் கடையா வச்சிருக்கு? புழுவா இருக்கும், போடி.”

“புழு நீலமாவா இருக்கும்?”

அம்மா குனிந்து பார்த்தாள். இரண்டு நீல நூல். சுற்றிலும் கடுகைவிடச் சின்னத் துணுக்குகள். அடுத்த மீனிலும் அப்படியே.

“அடி ஆத்தீ! இதையா இத்தன நாளாத் தின்னோம்?”

பூமிகா அந்த நூலை விரலில் எடுத்துப் பார்த்தாள். அந்த நீலம் அவளுக்கு நன்றாகத் தெரியும். போன சம்பாவில் வயல் மடையை அடைக்க, மண் போட்டு அவளே மிதித்து வைத்த பிளாஸ்டிக் உரச்சாக்கின் நீலக்கோடு அது.

ஒரே ஓட்டமாக வயலுக்கு ஓடினாள். வெயிலில் காய்ந்த சாக்கைத் தொட்டதுமே ஓரம் பொடிந்து தண்ணீரில் விழுந்தது. கெண்டைக் குஞ்சுகள் பாய்ந்து வந்து கொத்தின.

“ஐயோ, தின்னாதீங்க! துப்புங்க!”

மீனா கேட்கும்? அழுகையும் ஆத்திரமுமாகச் சாக்கைப் பிடுங்கி வரப்பில் எறிந்தாள். வயல் தண்ணீர் வாய்க்காலுக்குப் பாய்ந்தது.

“யாரு மடையத் தொறந்தது? கதிரு வர்ற நேரத்துல தண்ணி பூரா போவுதே!” அப்பா ஓடி வந்தார்.

“இந்தச் சாக்குதாம்ப்பா மீன் வயித்துல இருக்கு! வைக்கோல முறுக்கிக் களிமண் வச்சு அடைப்போம்ப்பா.”

அப்பா சாக்கைத் தொட்டார். அது மாவாக விரலில் ஒட்டியது. தோள் துண்டில் அதை அப்படியே சுற்றிக் கட்டினார்.

“வைக்கோலு அழுகிடுமே. யாரு மாத்திக்கிட்டே இருப்பா?”

“சாக்க வச்சது நான்தானே? நானே மாத்துறேன்.”

“அப்ப ஓடு, எடுத்துட்டு வா!” என்றவர், வேறு வழியில்லாமல் வேட்டியோடு மடையில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

பூமிகா வைக்கோல் கட்டோடு வந்தாள். இருவரும் முறுக்கி, களிமண் அப்பி, மிதித்தார்கள். தண்ணீர் நின்றது. ஒரு கெண்டைக் குஞ்சு வந்து வைக்கோலைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

பூமிகா நிமிர்ந்து பார்த்தாள். வாய்க்கால் நெடுக எல்லார் மடையிலும் சாக்கு! பச்சைக்கோடு, சிவப்புக்கோடு, நீலக்கோடு.

மிச்ச வைக்கோலை வாரிக்கொண்டு நடந்தாள்.

“எங்கம்மா போற?”

“ஜெக்கரியா மாமா வயலுக்கு. அவங்க மடைதான் அடுத்தது.”

“நம்ம வைக்கோல்போரு இன்னிக்கோட காலி” என்று முணுமுணுத்தபடி, சொட்டச் சொட்ட நனைந்த வேட்டியோடு அப்பாவும் பின்னால் நடந்தார்.