எட்டாம் வளைவின் முன்னிழல்

பானுரேகா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மஞ்சள் கார் ஓட்டத்தளத்தின் எட்டாம் வளைவில் இரண்டு முறை சுழன்றது. சரளைக்கல்லை வாரி இறைத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய் டயர்ச் சுவரில் மோதி நின்றது. காலையிலிருந்து இது மூன்றாவது வண்டி. மணி இன்னும் பத்தரைகூட ஆகவில்லை.

அடுத்த முறை அவளுடையது.

மஞ்சள் காரை ஓட்டிய தினகர் நடந்தே தேநீர்க் கொட்டகைக்கு வந்து சேர்ந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் கொடுத்த டீ பாதி அவன் சட்டையில் கொட்டியது. கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது என்று காலையில்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நெழல் செவந்துச்சுங்கக்கா. பாத்த ஒடனே காலை எடுத்துட்டேன். சத்தியமா எடுத்துட்டேன்."

"லேட்டா எடுத்திருப்பீங்க தம்பி," என்றார் தள மேற்பார்வையாளர். காலையில் சுழன்ற மற்ற இரண்டு பேரிடமும் அவர் அதையேதான் சொல்லியிருந்தார்.

ஓடும் காரின் முன்கண்ணாடியில், காருக்குச் சற்று முன்னால், நீலப் புகைபோல இன்னொரு கார் ஓடுவது தெரியும். அதுதான் முன்னிழல். இன்னும் நான்கு நொடியில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதை அது காட்டும். வேகம், எடை, டயரின் தேய்மானம், தெருவில் போகிறவர்களின் நடை எல்லாம் அதற்குத் தெரியும். ஓட்டுகிறவரையும் தெரியும், அவர் எதைக் கண்டால் என்ன செய்வார் என்று வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துக் கற்று வைத்திருக்கும். எதிலாவது மோதப்போகிறோம் என்றால் முன்னிழல் சிவக்கும். சிவந்தால் ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். எடுத்ததும் மோட்டாரே பின்சக்கரங்களை இழுத்துப் பிடித்து வண்டியை நிறுத்திவிடும்.

காரே தானாக நின்றுகொள்ளும்படி செய்திருக்கலாம். ஆனால் அப்படி நின்றால் பொறுப்பு யாருடையது என்று ஒரு வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. காட்டுவது காரின் வேலை, காலை எடுப்பது மனிதரின் வேலை என்று கடைசியில் தீர்ப்பானது. அதனால் ஓட்டுநர் பள்ளிகளில் முதல் மாதம் வேறு பாடமே கிடையாது. சிவப்பைக் காட்டுவார்கள், காலை எடுக்க வேண்டும். நாளைக்கு முந்நூறு முறை. பானுரேகாவுக்குக் கனவில் சிவப்புப் பூ வந்தால்கூட வலது கால் துள்ளும். பதினோரு வருடமாகத் தெருக்களில் விபத்து என்று ஒன்று இல்லாமல் போனதற்கு அந்தத் துள்ளல்தான் காரணம்.

இங்கே மட்டும் அது ஏனோ காப்பாற்றவில்லை. போன மாதம் இதே எட்டாம் வளைவில் ஒரு பல் மருத்துவர் இறந்துபோனார். அவருடையதும் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள நெடும்பயணக் கார். சின்னக் கார்கள் எதுவும் அங்கே சுழலவில்லை.

"போயிரலாமா, பானு?" என்றார் சதாசிவம். அவள் கணவர், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர்.

அவள் தன் காரைப் பார்த்தாள். கருநீலம். நீண்ட மூக்கு. இரண்டேகால் டன். மணிக்கு இருநூற்றெண்பது போகக்கூடிய அந்த வண்டி கோயம்புத்தூர் தெருக்களில் ஒருநாளும் அறுபதைத் தாண்டியதில்லை. அதன் முழுக்குரலைக் கேட்க வேண்டும் என்றுதான் இந்தக் கள்ளிமேடு ஓட்டத்தளத்தில் ஒரு நாள் வாங்க இரண்டு வருடம் வரிசையில் காத்திருந்தாள்.

"மெதுவாப் போறேன் மாமா. எட்டுல தொண்ணூறுதான். நீங்க இங்கயே உக்காருங்க."

"நீ போய் அங்க சுத்துவே, நா இங்க உக்காந்து வடை திங்கணுமா? நகரு அம்மணி, நானும் வர்றேன்."

முதல் சுற்றில் ஒன்றும் ஆகவில்லை. நேர்ப்பாதையில் கார் கர்ஜித்தபோது அவளுக்கு முதுகுத்தண்டெல்லாம் சிலிர்த்தது. அதன் முடிவில் பிரேக்கை நன்றாக மிதித்து, எட்டாம் வளைவைத் தொண்ணூறில் கடந்தாள். முன்னிழல் நீலமாகவே ஓடியது. இரண்டாம் சுற்றும் அப்படித்தான். ஆனாலும் அவள் உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. வளைவின் வெளிப்பக்கம் டயர்ச் சுவர். அதற்குப் பின்னால் பழைய கான்கிரீட் சுவர். மருத்துவர் மோதிய இடத்தில் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். சுற்றிலும் அழுக்காக இருந்ததால் அந்த வெள்ளை தூரத்திலிருந்தே தெரிந்தது.

"பானு, எனக்கு ஒண்ணு புரியல," என்றார் சதாசிவம். "மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. மொதல்ல செவந்துச்சு, அப்பறம் காலை எடுத்தோம், அப்பறம் சுத்துச்சு. சரி. செவந்தா இவங்க காலை எடுப்பாங்கன்னு நெழலுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எடுத்தா தப்பிச்சிருவாங்கன்னா அது ஏன் மோதற மாதிரி காட்டுது?"

"மாமா, வளைவுல பாடம் நடத்தாதீங்க."

"நேராப் போறப்ப நடத்தறேன்." நிஜமாகவே நேர்ப்பாதை வரும்வரை பொறுத்திருந்தார். "மினி ஆட்டோவுல தண்ணி ட்ரம் ஏத்திட்டு வளைவுல போறன்னு வெச்சுக்க. ஒரே சீராப் போனா ட்ரம் பாட்டுக்கு நிக்கும். வளைவு நடுவுல சட்டுனு புடிச்சா? தண்ணி பூராவும் முன்னால பாயும். பின்சக்கரம் லேசாயிரும், வாலு வெளிய வீசிரும். சின்ன வண்டி தாங்கிக்கும். ரெண்டேகால் டன்னு தாங்காது."

"அப்படின்னா?"

"அப்படின்னா காலை எடுத்ததாலதான் சுத்துது. காலை எடுப்பாங்கன்னு தெரிஞ்சதாலதான் நெழல் செவக்குது. அது செவக்கறதாலதான் இவங்க காலை எடுக்கறாங்க. அந்த வட்டத்துக்கு ஆரம்பமே இல்ல, பானு. அங்க நெசமா ஆபத்தே இல்ல. செவப்பு மட்டுந்தான் ஆபத்து."

நேர்ப்பாதையின் முடிவு வந்துவிட்டது. வேகமானி இருநூற்றுப் பத்து. பெடலிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கை மிதித்தாள்.

பிரேக் பஞ்சுபோல உள்ளே போனது.

மறுபடி மிதித்தாள். கால் தரைவரை போய் முட்டியது. இரண்டு சுற்றாக இரண்டேகால் டன்னை நிறுத்தி நிறுத்தி பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டது.

"மாமா, பிரேக் இல்ல!"

மோட்டார் மட்டும் இழுத்துப் பிடித்தது. தெருவில் அது போதும். இருநூற்றுப் பத்திலிருந்து இறங்க அது போதாது. நூற்றெண்பது. நூற்றறுபது. வளைவு வந்துவிட்டது. நூற்று நாற்பத்திரண்டு.

"நூத்தம்பது வரைக்கும் இந்த வளைவுல வண்டி தாங்கும்னு கொட்டகை போர்டுல போட்டிருந்தான்," சதாசிவத்தின் குரல் கீச்சென்று ஒலித்தது. "பெடலை லேசா மிதி. அப்படியே புடி. திருப்பு."

திருப்பினாள். கார் ஒருபக்கமாகச் சாய்ந்தது. டயர்கள் முனகின.

முன்னிழல் சிவந்தது.

அது வெறும் நிறமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். நான்கு நொடிக்கு முன்னால், அவளுடைய கண்ணெதிரே, அவளுடைய கார் வாலை வீசிச் சுழன்றது. ரத்த நிறத்தில் ஒருமுறை, இரண்டு முறை. பிறகு சதாசிவம் உட்கார்ந்திருக்கும் பக்கமாகப் போய் அந்த வெள்ளைச் சுவரில் அமுங்கியது. அவர் பக்கத்துக் கதவு உள்ளே மடிவதைக்கூட அது காட்டியது.

அவள் வலது கால் துள்ள எழுந்தது. தொடைத்தசை கல்லாக இறுகியது. பதினோரு வருடம் அந்தக் காலுக்குள் இருந்தது. நாளைக்கு முந்நூறு முறை இருந்தது.

"எடுக்காத பானு! எடுக்காத!"

கார்களைப் பற்றி ஒன்றுமே தெரியாத மனிதர். ஒரு தண்ணி ட்ரம்மை நம்பிச் சொல்கிறார். அவர் சொல்வது தப்பென்றால் முதலில் சாகப்போவது அவர்தான். அது தெரிந்தும் அவர் கை கதவைப் பிடிக்கவில்லை. அவள் முழங்காலைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது.

அவள் காலை எடுக்கவில்லை.

கார் தன்னுடைய சிதைந்த நிழலுக்குள் புகுந்தது. கண்ணாடி முழுக்கச் சிவப்பு. ஒரு கணம் தான் செத்துவிட்டதாகவே அவள் நினைத்தாள். பிறகு சிவப்பு விலகியது. வெள்ளையடித்த சுவர் ஓரமாக வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. முன்னால் வெறும் தார்ச்சாலை. அதன் மேல் இளநீலமாக ஒரு கார், ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியை எப்படி நிறுத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. நின்ற பிறகும் அவர் கை அவள் முழங்காலிலேயே இருந்தது. இரண்டு பேருக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை. வெகுநேரம் கழித்து, "வாந்தி வருது," என்றார் சதாசிவம்.

பகல் முழுக்கக் கொட்டகையில் அவர்தான் ஆசிரியர். பலகையில் ட்ரம் வரைந்தார், அம்புக்குறி போட்டார். அன்றைக்கு வந்திருந்த கனமான நெடும்பயணக் கார்கள் பத்தொன்பது. மேற்பார்வையாளர் முதலில் முறைத்தார்; பிறகு மருத்துவருடைய வண்டியின் பதிவை எடுத்துவந்து மேசையில் வைத்தார். சிவப்பு வந்து அரை நொடி கழித்துக் கால் எடுக்கப்பட்டிருந்தது. சரியாக, பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள்; பிரேக் எண்ணெய் ஆறியதும் பானுரேகாவும் மறுபடி போனாள். நூறில் ஒருமுறை, நூற்றுப்பத்தில் ஒருமுறை. முதல் முறை கத்தினார்கள், அழுதார்கள், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டதாகத் திரும்பி வந்து ஒப்புக்கொண்டார். ஆனால் காலை எடுக்கவில்லை. முன்னிழலும் அவர்களை மறுபடி கற்றுக்கொண்டது. ஐந்தாறு முறை போனதும் சிவப்பு வெளிறி, பிறகு எட்டாம் வளைவில் வராமலே போனது. மிகவும் பயந்தவன் தினகர்தான். வால் நசுங்கிய காரோடு ஒன்பது முறை போனான். ஒன்பதாவது முறை ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே வந்தான்.

"அக்கா, செவப்பப் பாத்தா இப்ப சிரிப்புத்தான் வருது," என்றான்.

அவன் மனைவியிடம் தொலைபேசியில் பெருமையடிப்பதை எல்லோரும் கேட்டுச் சிரித்தார்கள். பத்தொன்பது உயிர்களைக் காப்பாற்றியவர் என்று சதாசிவத்துக்குக் கை கொடுத்தார்கள். நாலரை மணிக்கு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பானுரேகாவின் காருக்கு பிரேக் எண்ணெய் மாற்றி முடிய நேரமானதால் அவர்கள்தான் கடைசி.

வாசலைத் தாண்டி ஊர்ச்சாலைக்கு வந்ததும் வேகம் நாற்பதுக்கு இறங்கியது. இனிமையான வெயில். சதாசிவம் சீட்டைச் சாய்த்துக்கொண்டார்.

மதியம் சாப்பாடு போட்ட கடைக்கார அம்மா, இடுப்பில் ஒரு அலுமினியக் குண்டானை வைத்துக்கொண்டு சாலையோரம் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்ததும், கார் வரும் பக்கம் திரும்பாமலே, சாலையில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். இப்போதெல்லாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பள்ளிப்பிள்ளைகள்கூடப் படித்துக்கொண்டேதான் சாலையைக் கடக்கிறார்கள்.

முன்னிழல் சிவந்தது.

பானுரேகா பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். அவள் தோள்கள் இறுகின. கை ஸ்டீயரிங்கை அழுத்திப் பிடித்தது. கால் பெடலின் மேல் அசையாமல், சீராக, மதியமெல்லாம் பழகிய அதே அளவில் நின்றது. பயமே இல்லை. அதுதான் பிறகு நினைத்து நினைத்து அவள் நடுங்கிய விஷயம்.

"பானு! எடு! இது நெசம்!"

எடுத்தாள். பிரேக்கையும் மிதித்தாள். கார் முனகி நின்றது. குண்டான் காரின் மூக்கில் இடித்து 'டங்'கென்றது.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் புரியாமல் நின்றாள். பிறகு சிரித்தாள்.

"ஏனுங் அம்மணி, தூங்கிட்டீங்ளாக்கும்?" என்று கேட்டுவிட்டு, எதிர்ப்புறம் வண்டி வருகிறதா என்று பார்க்காமலே மீதிப் பாதியையும் கடந்து போனாள்.

சதாசிவத்தின் முகம் வெளுத்திருந்தது. "ரெண்டும் ஒரே செவப்பு," என்றார். "ரெண்டும் ஒரே செவப்பு, பானு. நா வித்தியாசம் சொல்லிக்குடுக்கலையே."

அவள் முன்னால் பார்த்தாள். சாலை காலியாக இருந்தது. பதினெட்டு வண்டிகளும் போய்விட்டன. மில்லில் ஷிப்ட் விடும் நேரம். பள்ளிக்கூடமும் விட்டிருக்கும்.

யார் எண்ணும் அவளிடம் இல்லை. தினகர் மட்டும் மதியம் கட்டாயப்படுத்திக் கொடுத்திருந்தான். அவனை அழைத்தாள். காரின் ஒலிபெருக்கியில் மணி அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தான்.

"அக்கா! சொல்லுங்கக்கா. சந்தைகிட்ட வந்துட்டேன், ஒரே கூட்டம்—"

"தினகர், நிறுத்து. வண்டிய ஓரமா நிறுத்து."

"என்னக்கா? கேக்கல, சத்தமா இருக்குது. அக்கா, ஒரு வேடிக்கை பாருங்க, இங்கயும் செவக்குது." அவன் குரலில் சிரிப்பு இருந்தது. "பயப்படாதீங்க. நா காலை எடுக்க மாட்டேன்."