காளான் கஷாயம்

மரணம் என்பது மாயை. இறந்தவர்கள் எங்கும் போவதில்லை. இந்த மகா ரகசியம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில், செருப்பை வெளியே விட்டுவிட்டு வருபவர்களுக்கு மட்டும் அருளப்பட்டது. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

பஞ்சாட்சரம் மூச்சிரைக்க ஏறினார். மனைவி தேவானை போய் எட்டு மாதம். அவள் முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

“கொடைக்கானல் காளான், அங்கிள். போதைன்னு நினைக்காதீங்க, இது ஒரு டீச்சர்,” என்று வெண்கலக் கிண்ணத்தை நீட்டினாள் ஹம்சினி. போன வருடம்வரை கிரெடிட் கார்டு விற்றவள்.

“டீச்சர் ரொம்பக் கசக்குறாங்களேம்மா.”

மதியம்வரை சுவர் மூச்சு விட்டது, பாய் ஊர்ந்தது. பக்கத்தில் படுத்திருந்த ஆடிட்டர் செத்துப்போன தன் அப்பாவைக் கண்டு தேம்பினார். பஞ்சாட்சரத்துக்கு மட்டும் யாரும் வரவில்லை.

“உங்களுக்கு ஈகோ ஜாஸ்தி, அங்கிள். சாயந்திரத்துக்குள்ள எல்லாம் இறங்கிடும்,” என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டாள் ஹம்சினி.

இறங்கட்டும் என்று பொழுது சாயும்வரை கோயிலில் உட்கார்ந்துவிட்டு, மந்தைவெளி வீட்டுக் கதவைத் திறந்ததும் தாளிக்கிற வாசனை வந்தது. எட்டு மாதமாக மெஸ் சாப்பாடு, அடுப்பே பற்றவைக்காத வீடு. அங்கே கடுகு வெடித்து, கறிவேப்பிலை சடசடத்து, பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் ஆயுசெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அதே கரண்டிச் சத்தம் இருட்டிக்கொண்டு வரும் கூடத்துக்குள் நிதானமாக வந்துகொண்டிருந்தது.

சமையலறை வாசலில் நின்றார். பச்சை வாயில் புடவை. வேர்வையில் நனைந்த ரவிக்கை முதுகு. சின்னக் கொண்டை, அதில் வாடிய கனகாம்பரம்.

“வந்துட்டீங்களா? கை கால் கழுவினு உக்காருங்க.”

“தேவானை... கொஞ்சம் திரும்பேன்.”

“அடுப்புல வேலையா இருக்கேன்ல. இத்தினி வருசம் இல்லாம இன்னா புதுசா?”

“ஒரே ஒரு தடவை.”

கரண்டிச் சத்தம் நின்றது. அவள் திரும்பினாள்.

கொண்டை. கனகாம்பரம். முதுகு.

தோளைப் பிடித்துத் திருப்பினார். தோள் சுட்டது. மறுபடி முதுகு. இன்னொரு தடவை திருப்பினார். முதுகு.

கூடத்துக்கு ஓடினார். லைட்டைப் போட்டார். சுவரில் மாலை போட்ட படம். கண்ணாடிக்குள் கொண்டை. கனகாம்பரம்.

கண்ணை இறுக மூடி நினைத்துப் பார்த்தார். காபி நீட்டுகிற கை வந்தது. வளையல் வந்தது. நடந்து போகிற முதுகு வந்தது.

“சாப்பாடு ஆறுதுங்க,” என்றது பின்னாலிருந்து, காதுக்கு மிக அருகே.

அவளுடைய மூக்குத்தி இடப்பக்கமா வலப்பக்கமா என்று அவருக்குத் தெரியவில்லை.