கவிழ்த்த இலை

மூன்றாவது வீட்டிலும் ஒரு இலை அதிகப்படியாகக் கிடந்தது, அதுவும் கவிழ்த்துப் போட்டபடி.

காவேரிப்பாக்கத்தில் வேதாசலம் என்கிற தொண்ணூறு வயதுக் கிழவரின் வீடு. கொள்ளுப்பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் உட்காரப் போன மதியழகன், சுவரோரத்தில் முதுகு மேலே தெரியக் கிடந்த அந்த இலையைப் பார்த்தான். பரிமாறுகிறவர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருத்தரும் நிமிர்த்திப் போடவில்லை, எடுக்கவுமில்லை. குடியாத்தத்தில் சீனிவாசன் வீட்டுத் திதியிலும் இதே கூத்துதான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவனோடு கட்டிங் செக்‌ஷனில் நிற்கும் தௌசீப் அகமது வீட்டு விருந்தில் இலைக்குப் பதில் தட்டு. அதுவும் கவிழ்த்து. மதம் வேறு, ஊர் வேறு. மூன்று வீட்டையும் சேர்ப்பது ஒரே ஒரு பழைய போட்டோ.

அப்பா செத்த பிறகு தகரப் பெட்டியில் கிடைத்தது அது. பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் வாசலில் ஆறு பேர் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். பின்பக்கம் ஐந்து பேருக்குத்தான் பெயர் எழுதியிருக்கிறது. தாத்தாவை உரித்து வைத்த முகத்தோடு நிற்கும், பெயர் இல்லாத ஆறாவது ஆள் மதியழகனின் பூட்டன், தாத்தாவைப் பெற்றவன். அந்தப் பெயரைத் தாத்தா கடைசிவரை வாயைத் திறந்து சொன்னதே இல்லை.

மதியழகனுக்கு அந்தப் பெயர் வேண்டும். சும்மா தெரிந்துகொள்ளும் ஆசைக்கு இல்லை. மோகனா பெற்ற முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த எட்டாம் மாதத்தில் ஒரே நாள் காய்ச்சலில் போய்விட்டன. மூன்றாவது கவிப்ரியாவுக்கு வருகிற அமாவாசையோடு ஏழு மாதம் முடிகிறது. ஜோசியர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்: "மூணு தலைமுறை பேரச் சொல்லிப் படையல் போடுப்பா. பூட்டன் பட்டினி கெடக்கறான்."

நிலம் வைத்திருந்தவனுக்குப் பட்டாவில் பெயர் இருக்கும். கூலிக்காரன் பெயரை எந்த ஆபீஸ் எழுதி வைத்தது? அவனோடு தோளில் கை போட்டு நின்றவர்களின் பிள்ளைகளையும் பேரன்களையும்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. நாலு மாதமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் பஸ்ஸில் அலைந்துகொண்டிருக்கிறான்.

சாப்பிட்டு எழுந்து பின்னறைக்குப் போனான். கட்டிலில் சுருண்டு கிடந்த வேதாசலம் போட்டோவைக் கையில் வாங்கவில்லை.

"இன்னாத்துக்கு இத எடுத்துகினு வந்த?"

"ஆறாவதா நிக்கறவரு எங்க பூட்டன், தாத்தா. பேரு மட்டும் சொல்லுங்க, போய்ட்றேன்."

கிழவர் வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். காலரா வந்த வருஷம். ஆறு பேரில் அவனுக்குத்தான் முதலில் கண்டது. தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று மற்ற ஐந்து பேரும் பயந்தார்கள். அவனை ஷாப்பிலேயே, தோல் ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழியில் இறக்கிப் பலகை போட்டு மூடிவிட்டார்கள்.

"உசுரு இருந்திச்சு. எங்கப்பாவுக்குத் தெரியும். ரெண்டு நாளு உள்ளேருந்து பசிக்குது பசிக்குதுன்னு கூப்ட்டுகினே இருந்தானாம். அஞ்சு பேரும் காதுல வாங்காம வேலை பாத்துகினு இருந்தாங்க."

"அதுக்குத்தான் இந்த இலையா?"

"எடம் இல்லன்னு அவனுக்குக் கோவம் வரக்கூடாது. சோறு இருக்குதுன்னு குந்தவும் கூடாது. அதான் கவுத்துப் போட்றது. பேரச் சொல்லி, நிமித்திப் போட்டா..." கிழவர் போர்வையை வாய்வரை இழுத்துக்கொண்டார். "பேரு எனுக்குத் தெரியாது. போ."

திரும்பி வரும் வழியெல்லாம் மதியழகன் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தான். அடப் பாவிகளா, உயிரோடு ஒருத்தனை மூடிவிட்டு, இத்தனை வருஷமாக இலையைக் காட்டி ஏய்க்கிறீர்களா? செய்தவன் வம்சம் பயப்படட்டும். நான் எதற்குப் பயப்பட வேண்டும்? செத்தவன் என் ரத்தம். வயிறாரப் போட்டால் என் பிள்ளையைப் பார்த்துக்கொள்வான். பாவம், அப்படித்தான் மனசார நம்பினான்.

அமாவாசைக்கு முதல் நாள் தௌசீப் போன் செய்தான். போட்டோவில் நிற்கும் அவனுடைய பூட்டன்தான் அந்த ஷாப்பில் மேஸ்திரி. பரணில், ஆள் வேலைக்கு வந்த நாளுக்குக் கோடு போடும் பழைய ஹாஜர் நோட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஆறு பேர் பெயரும் இருக்கிறதாம், அதில் ஒருவனுக்கு ஆடி மாதம் பாதியோடு கோடு நின்றுவிட்டதாம்.

"எங்கப்பா குடுக்காதன்னாரு, மதி. கொழந்தைக்கோசரம் சொல்றேன். பஞ்சாட்சரம்."

மறுநாள் உச்சிப்பொழுது. கூடத்தில் மூன்று இலை போட்டு, மூன்றையும் நிமிர்த்திப் போட்டு, சோறும் சாம்பாரும் வாழைக்காய்ப் பொரியலும் வடையும் பாயசமுமாக மோகனா பரிமாறினாள். தோல் நாற்றம் பேரணாம்பட்டுக்காரனுக்குப் புதிதில்லை, பிறந்ததிலிருந்து மூக்கில் இருப்பது. ஆனால் இன்று ஊதுவத்தியையும் மீறி, தரையிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடை கிளம்பித் தொண்டையைக் கரித்தது. மதியழகன் கற்பூரம் காட்டினான். அப்பா பெயரைச் சொன்னான், தாத்தா பெயரைச் சொன்னான்.

"பஞ்சாட்சரம் தாத்தா, வந்து சாப்புடுங்க."

கற்பூரம் பட்டென்று அணைந்தது.

செத்தவர்கள் சாப்பிடும்போது இருக்கிறவர்கள் பார்க்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் வெயிலில் வந்து நின்றார்கள். தெருவில் ஒரு காக்காய்கூட இல்லை. உள்ளே இலை தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஈரக் காலைத் தூக்கி வைப்பதுபோல மெதுவாக, ஒவ்வொன்றாக, ஆறேழு சத்தம். மோகனா அவன் கையைப் பிடித்தாள்.

அப்போது பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். காலையிலிருந்து பிள்ளையை வைத்திருந்தவள் அவள்தான்.

"கவி எங்கக்கா?" என்றாள் மோகனா.

"அது அப்பவே தூங்கிடுச்சும்மா. பின்வாசலால வந்து உள்ரூம்புல தூளியில போட்டுட்டுத்தான் வந்தேன். நீ அடுப்பாண்ட இருந்த, சொன்னனே."

மோகனா காதில் அது விழுந்திருக்கவில்லை.

மதியழகன் கதவைத் தள்ளினான். வரவில்லை. தாழ் போடாத கதவு. தோளால் இடித்தான். வரவில்லை. உள்ளே தூளிக் கயிறு கிரீச்சென்றது. நின்றது. மறுபடி கிரீச். யாரோ ஆட்டுகிறார்கள். சீராக. பொறுமையாக.

பிறகு கவி சிரித்தாள். தெரிந்த முகத்தைப் பார்த்தால் சிரிக்கிற சிரிப்பு.

மோகனா பின்வாசலுக்கு ஓடினாள். அந்தக் கதவும் திறக்கவில்லை. "தாத்தா, அது கொழந்த தாத்தா," என்று மதியழகன் கதவோடு பேசினான். "உன் ரத்தம் தாத்தா. அத ஒண்ணும் பண்ணிடாத."

கதவு தானாகத் திறந்தது.

இரண்டு இலை தொடாமல் இருந்தது. மூன்றாவதில் ஒரு பருக்கை இல்லை. சோறு இருந்த இடத்தில் ஈரச் சுண்ணாம்பு, குவியலாக. குவியலின் ஓரத்தில் மூன்று விரல் பதிந்த தடம். கொஞ்சம் கொஞ்சமாக, பிள்ளை வாய்க்கு ஏற்ற அளவில் கிள்ளி எடுத்த தடம். அங்கிருந்து உள்ளறைத் தூளி வரை தரையில் வெள்ளைச் சொட்டு.

அவன் தூளியை விலக்கினான்.

கவி விழித்திருந்தாள். அழவில்லை. உதடும் நாக்கும் வெந்து வெளுத்து, மோவாய் வழியாக வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. அப்பனை அவள் பார்க்கவே இல்லை. அவன் தோளுக்கு மேலே, அவனுக்குப் பின்னால் பார்த்து, அடுத்த வாய்க்கு ஆவென்று வாயைத் திறந்தாள்.