இரண்டு வளையங்கள்

பகல் மூன்று மணிக்கு வாசல் கதவு திறக்க மறுத்தது.

தாழ்ப்பாளை எடுத்துவிட்டுத்தான் தையல்காரி இழுத்தாள். இரட்டைக் கதவும் விரல் நுழையும் அளவுக்கு உள்ளே வந்து, அதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றது. மழைக்காலத்தில் மரம் உப்பிக்கொள்வது உண்டு. ஆனால் இது ஐந்து மாதமாக ஒரு சொட்டு மழையைக் காணாத கதவு. இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வெளிப்பக்கம், இரண்டு கதவுகளின் இரும்பு வளையங்களையும் சேர்த்து யாரோ வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

அந்த மலைச்சரிவில் வாசலில் தொங்கும் வெள்ளைத் துணிக்கு ஒரே அர்த்தம்தான். இந்த வீட்டில் ஆள் இல்லை, எல்லாரும் கிளம்பியாகிவிட்டது. காடு பற்றிக்கொண்டால் ஆட்களை ஏற்றிப்போக வரும் வேன், துணி கட்டிய வீட்டு முன் நிற்கவே நிற்காது. நிற்க அதற்கு நேரமும் இருக்காது.

"என்னடி, கதவோட மல்லுக்கட்டுற?" என்றாள் கூடத்துக் கட்டிலில் கிடந்த அக்கா. தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. படுத்த படுக்கையாகி மூன்று வாரம்.

"யாரோ துணி கட்டியிருக்காங்கக்கா."

"நமக்கா? என்னைத் தூக்கிட்டுப் போக நாலு பேர் வேணும். நான் எப்படிடி கிளம்பியிருப்பேன்?"

தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்துவந்து, இடுக்கு வழியாக விட்டு வெட்டினாள். கதவு திறந்தது. உள்ளே வந்த காற்றில் கருகிய இலை வாசனையோடு, மெல்லிய எண்ணெய் வாசனை ஒன்றும் இருந்தது. தையல் மிஷின் எண்ணெய்தான் என்று முதலில் நினைத்தாள். அதைவிட இது லேசான வாசனை.

துணியின் இரண்டு துண்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரம் நீல நூலில் மடித்து அடித்திருந்தது.

தெருவின் எல்லா வீட்டுக்கும் இந்தத் துணிகளை வெட்டி ஓரம் அடித்துக் கொடுப்பவள் அவள்தான். போன வருஷம் கடைசித் துணிக்கு வரும்போது வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. கையில் கிடைத்த நீலத்தைப் போட்டு அடித்தாள். அப்படி ஒன்றே ஒன்றுதான். அதைத் தெருவின் கடைசியில் இருந்த கடிகாரக்காரர் வீட்டு வாசலில் அவளே கட்டினாள். அந்த வாசல், அந்தக் கதவு, அந்தத் துணி எல்லாம் போன வருஷத் தீயிலேயே சாம்பலாகிவிட்டன.

துண்டுகளை மிஷின் மேல் போட்டுவிட்டு, மீட்புக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த தபால்காரருக்குப் போன் செய்தாள்.

"நாங்க இன்னும் வீட்லதான் இருக்கோம். யாரோ தெரியாம துணி கட்டிட்டாங்க."

"உங்க தெருவுக்கு நான் இன்னும் யாரையும் அனுப்பலையேம்மா." அவர் குரலுக்குப் பின்னால் பலர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். "வேன் அரை மணில வரும். ஸ்ட்ரெச்சர் இருக்கு. ஆனா இந்த ஒரு தடவைதான். அப்புறம் ரோடு இருக்காது. வாசல்ல துணி இல்லாம பாத்துக்கங்க. போன வருஷம் மாதிரி ஆயிடக் கூடாது."

அதோடு போன் செத்துப்போனது.

போன வருஷம் நடந்ததை அவள் ஒருநாளும் முழுசாக நினைத்துப் பார்ப்பதில்லை. பாதியில் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். காலியான வீடுகளுக்குத் துணி கட்டும் வேலை அன்று அவளுடையது. கட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. மூன்று தடவை தட்ட வேண்டும், கூப்பிட வேண்டும், காத்திருக்க வேண்டும், பிறகுதான் கட்ட வேண்டும். கடிகாரக்காரருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. ஆனாலும் ஓடும் கடிகாரத்தை விரல் நுனியால் தொட்டே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். கதவில் உள்ளங்கையை வைத்து, வருகிறவர் யார் என்று காலடி அதிர்விலேயே கண்டுபிடிப்பார். "காது போனா என்ன, கை இருக்குல்ல" என்பார். தட்டியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவள் தட்டவில்லை. ஸ்கூட்டரைக் காணோம், ஆள் போய்விட்டார் என்று முடிவு கட்டினாள். தலையில் சாம்பல் விழுந்துகொண்டிருந்தது, உயிர்ப்பயம். இரண்டு வளையத்தையும் சேர்த்து இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஸ்கூட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. மனுஷர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கதவுக்குப் பின்னால்தான் கண்டெடுத்தார்கள்.

"தட்டினீங்களாம்மா?" என்று தபால்காரர் அப்போது கேட்டார்.

"தட்டினேன். மூணு தடவை," என்றாள். அக்காவிடமும் அதையேதான் சொன்னாள். அதற்குப் பிறகு, ஒரு வளையத்தில் மட்டுமே துணி கட்ட வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாகக் கைதூக்கியவள் அவள்.

ஒரு மணி நேரத்துக்கு முன்பு மஞ்சளாக இருந்த வானம் செம்பு நிறத்துக்கு வந்து, பிறகு அந்தி போல இருண்டது. கொல்லைப்பக்கச் சரிவில் மூங்கில்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும் சத்தம், அதற்கும் பின்னால் நிற்காமல் ஓடும் லாரி போல ஓர் உறுமல், ஜன்னல் கம்பிகளைத் தொட்டால் சுடுகிற சூடு, ஜன்னல்களில் நனைத்துத் தொங்கவிட்ட போர்வைகளிலிருந்து ஆவி கிளம்பி வீடே வண்ணான் துறை மாதிரி நாறிய நாற்றம். எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் வாசல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவின் போர்வையை நனைக்க ஒரே ஒரு முறைதான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

டொக்.

டொக்.

டொக்.

"வந்துட்டாங்கடி," என்றாள் அக்கா, அழாத குறையாக.

அவள் ஓடிப்போய் இழுத்தாள். கதவு விரலளவு வந்து நின்றது. இடுக்கில் வெள்ளை. நீல ஓரம். வெட்டாத, முழுத் துணி.

மிஷினைத் திரும்பிப் பார்த்தாள். அதன் மேல் துண்டுகள் இல்லை.

கத்தரிக்கோலைத் தேடி எடுத்து மறுபடி வெட்டினாள். நாலு வெட்டு தேவைப்பட்டது. வெளியே பாய்ந்தாள். தெருவில் ஒருவரும் இல்லை. படியில் விழுந்திருந்த சாம்பல் கலையாமல் கிடந்தது. அந்த எண்ணெய் வாசனை மட்டும் மூக்குக்கு நேரே நின்றது. இப்போது அது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. போன வருஷம் வரை அவள் கைக்கடிகாரத்தைச் சரிசெய்து வாங்கும்போதெல்லாம் அதில் இருந்த வாசனை.

உள்ளே கண்ணாடி உடைந்தது. அக்கா அவள் பெயர் சொல்லிக் கத்தினாள். கத்தரிக்கோலைப் படியிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பின்னாலேயே காற்று கதவை அறைந்து சாத்தியது.

கொல்லைக் கதவின் கீழ் இடுக்கு சிவந்திருந்தது. இனி அந்தப் பக்கம் போக முடியாது.

"அக்கா." கட்டிலருகே மண்டியிட்டாள். "நான் தட்டலைக்கா. போன வருஷம். நான் தட்டவே இல்ல."

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு பார்வை அவள் தோளைத் தாண்டி வாசலுக்குப் போனது.

"அப்ப அங்க நிக்கறது யாரு?"

கதவில் முகம் உயரத்துக்குப் பதித்திருந்த பால்கண்ணாடியில் ஒரு நிழல் இருந்தது. கூன் விழுந்த, குள்ளமான நிழல். அது அவசரமே படவில்லை.

டொக்.

"இருக்கோம்," என்று கத்தினாள். "உள்ளதான் இருக்கோம்."

டொக்.

"ரெண்டு பேர் இருக்கோம்."

டொக்.

பிறகு அமைதி. காத்திருக்கிறது. முறைப்படி.

ஒரு உள்ளங்கை கண்ணாடியில் படிந்தது. கருப்பாக. விரல்கள் விரிந்து.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. குரலால் பயனில்லை. காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தாள். ஒருமுறை. இன்னொருமுறை. அக்கா கட்டிலோரம் சாய்த்திருந்த ஊன்றுகோலை எடுத்துத் தரையை இடித்தாள். வீடு அதிர்ந்தது.

கண்ணாடியில் விரல்கள் அசைந்தன. மிதிக்கு ஒரு விரல். எண்ணுவது போல.

தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் அழுதாள். "மன்னிச்சிருங்க," என்றாள், கேட்காது என்று தெரிந்தே.

தெருமுனையில் வேனின் ஹாரன் கேட்டது.

உள்ளங்கை கண்ணாடியை விட்டு நிதானமாக விலகியது. வளையங்கள் ஒன்றோடொன்று உரசின. துணி இழுபடும் சத்தம். அவள் பாய்ந்து கதவைப் பிடித்து இழுத்தாள். இடுக்கு விரலளவு திறந்தது. அதன் வழியே கருகிய பத்து விரல்கள் ஒரு முடிச்சுப் போட்டு, அது இறுகிவிட்டதா என்று தொட்டுப் பார்த்து, அதன் மேல் இன்னொன்று போடுவதைப் பார்த்தாள்.

ஹெட்லைட் வெளிச்சம் பால்கண்ணாடியை நிறைத்தது. ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு மெல்ல மிஷின் மேல் ஊர்ந்து, சுவரில் ஊர்ந்து, அக்காவின் முகத்தைத் தாண்டி, திரும்பிப் போனது.