எதுவும் விடுபடவில்லை

மண்பானையின் மேல் சொம்பு இல்லை. தண்ணீர் மொள்ள வந்த அறிவுமதி அடுப்படி, அலமாரி, பாத்திரம் தேய்க்கிற இடம் எல்லாம் துழாவிவிட்டு, காலையிலிருந்தே மனசுக்குள் கொதித்துக்கொண்டிருந்த எரிச்சலோடு கூடத்துக்குத் திரும்பினாள். போனும் கையுமாக நாற்காலியில் இருந்த அவளுடைய நைனா பொன்னுசாமி நிமிரக்கூட இல்லை.

"நம்ம வூட்ல ஏது சொம்பு?" என்றார்.

அவலூர்பேட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் அவர். ஏறுகிற முகத்தைப் பார்த்தே இறங்குகிற ஊருக்கு டிக்கெட் கிழித்த மனுஷன், இப்போது பல் துலக்கினோமா என்று மகளைக் கேட்கிறார். அம்மா வசந்தா காலமான பிறகு மறதி இன்னும் முற்றிவிட்டது. ஆனால் மகளை மட்டும் மறக்கவில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் அறிவுமதி சென்னை அறையைக் காலி செய்துவிட்டுச் செஞ்சிக்கு வந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள்.

அந்த வேலையும் மறதி சம்பந்தப்பட்டதுதான். வயதானவர்களுக்கான மூளைப் பயிற்சி ஆப்பில் எந்தத் திரை எப்படி இருக்க வேண்டும், எந்தப் பொத்தான் எங்கே வர வேண்டும் என்று வடிவமைப்பவள் அவள். ஒரு படம் வரும், மறையும், திரும்பி வரும்போது அதில் ஒரு பொருள் குறைந்திருக்கும். குறைந்த இடத்தைத் தொட வேண்டும். எதுவும் குறையவில்லை என்று பட்டால் 'எதுவும் விடுபடவில்லை' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஆபீஸ் கொடுத்த படங்களிலோ குளிர்தேசத்து வீடுகள். தெரியாத பொருளை நைனா எங்கிருந்து மறப்பது? அதனால் சொந்த வீட்டையே படம் பிடித்துப் போட்டாள்.

அதன் பிறகும் நிம்மதி இல்லை. தப்பாகத் தொட்டால் வருகிற சிவப்புக் குறியைப் பார்த்து நைனா போனை வீசியடித்தார், சோற்றைத் தள்ளிவிட்டார். மற்ற பெரியவர்களும் அப்படித்தானாம். மேலாளர் ஜெயஸ்ரீ ஒரே போடாகப் போட்டாள், யாரையும் தப்பு என்று சொல்லாதே, எதைத் தொட்டாலும் சரி என்றே காட்டு என்று. அப்புறம் அது என்ன பயிற்சி என்று அறிவுமதி மன்றாடியது செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று. நேற்று வெறுப்போடு மாற்றி அனுப்பினாள். இனி எதற்கும் பச்சை வெளிச்சம், ஒரு மணியோசை, 'சரியான விடை'.

டிங்.

பாறை மலைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை ஊருக்குள் கக்குகிற சாயங்காலம் அது. புழுக்கமும், சுவரிலிருந்து வருகிற சுண்ணாம்பு வாசனையும், வெளியே தகரத்தின் மேல் குரங்குகள் ஓடுகிற தடதடப்பும் எப்போதும்போல இருந்தன. சுவரில் அம்மாவின் போட்டோவுக்கு ஏற்றியிருந்த ஊதுபத்தியின் வாசனை மட்டும் சட்டென்று நின்றுபோனது. அவள் சுவரைப் பார்த்தாள். அம்மாவின் போட்டோ இல்லை. மாலை இல்லை. ஆணி அடித்த ஓட்டையும் இல்லை.

"நைனா, அம்மா போட்டோ எங்க?"

"எந்த அம்மா?"

குனிந்து அவர் போனைப் பார்த்தாள். திரையிலும் அதே வெற்றுச் சுவர். அதற்கு முந்தைய கேள்வியில் பானை மட்டும், மேலே சொம்பு இல்லை. இரண்டுக்கும் நைனா அழுத்தியிருந்தது ஒரே பொத்தான். அவருக்குப் போட்டோ நினைவில்லை, அதனால் எதுவும் விடுபடவில்லை. அவர் சொன்னது தப்பாகக் கூடாது என்று அவள்தானே எழுதி அனுப்பினாள்; இப்போது வீடே அதற்கேற்ப மாறுகிறது.

பதறிப்போய்த் தன் போனைத் திறந்தாள். அம்மாவின் ஒரு படம்கூட இல்லை. அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். புடவை வந்தது. வளையல் வந்தது. முகம் வரவில்லை.

ஜெயஸ்ரீயைக் கூப்பிட்டாள். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கரண்ட் போனது. மின்விசிறி முனகி நின்றது. போனைப் பிடுங்கப் போனவளை ஒரு கையால் தள்ளிவிட்டு, டிக்கெட் பையை அணைக்கிறது போல அதை மார்போடு அணைத்துக்கொண்டார் நைனா.

"இரு பாப்பா. இன்னும் ஒண்ணுதான் இருக்குது."

பாப்பா என்கிறார். தெரிகிறது அவருக்கு. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கடைசிக் கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். இதே கூடம், இரண்டு நாற்காலி, நைனாவும் அவளும். இதை மட்டும் அவர் ஒருநாளும் தவறவிட மாட்டார் என்று நம்பி, அவர் சந்தோஷத்தோடு முடிக்கட்டுமே என்று கடைசியில் வைத்தவள் அவளே.

படம் வந்தது. மறைந்தது. திரும்பி வந்தது.

ஒரு நாற்காலி. நைனா மட்டும்.

"நல்லா பாரு நைனா. நான் இல்ல அதுல. நான்தான் விடுபட்டிருக்கேன்."

அவர் பார்த்தார். நெற்றி சுருங்க, உதடு அசைய, வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தார். கூட்ட பஸ்ஸில் புது ஆளைப் பார்க்கிற பார்வை. கனிவான பார்வை.

"யாரும்மா நீ? எங்க எறங்கணும்?"

"நைனா."

விரல் இறங்கியது.

டிங்.

பச்சை வெளிச்சம் முகத்தில் விழ, பொன்னுசாமி குழந்தையாகச் சிரித்தார். அவள் கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை. கையை நீட்டினாள். கை தெரியவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி இல்லை.

அவள் கீழே விழவும் இல்லை.