மூன்று மணிக்கு வரைந்தது யார்?

ஃபோன் அலறியது.

இறந்தவரின் சட்டைப் பைக்குள்!

ஹாங்சோ நகரின் பெரிய ஓவியர் ஷென் போயுவான், மை அரைக்கும் கல்லில் தலை மோதி, தன் ஓவியக்கூடத் தரையில் கிடந்தார்.

மூலையில் அழுதபடி மனைவி சூ லான்ஷி. தள்ளிவிட்டது அவள்தான். காலை ஒன்பது மணிக்கு.

இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, அவள். இன்னொருவர், இதைப் படிக்கும் நீங்கள். வாயைத் திறக்காதீர்கள்.

இன்ஸ்பெக்டர் பெங் சுவரைப் பார்த்தார்.

ஆளுயரக் காகிதம். பழைய முறையில், கறுப்பு மையில் எழும்பிய மலை... உச்சியில் மரங்களுக்குப் பதில் கட்டடம் கட்டும் கிரேன்கள். மேகத்துக்குள் ஸ்ப்ரே பெயின்ட்டில் சிவப்பு விளக்கு. ஓரத்தில், 'இன்று மதியம் மூன்று மணிக்கு முடித்தேன்' என்ற எழுத்தும் ஷென்னின் பெயர் முத்திரையும்.

"ஏம்மா, மூணு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"தங்கச்சி வீட்ல. பன்னிரண்டரைக்கே போயிட்டேன். அஞ்சு மணிக்கு வந்து பார்த்தா..."

"விசாரிச்சாச்சு. காலைலயா, மதியமானு டாக்டரால அடிச்சுச் சொல்ல முடியல. ஆனா படம் சொல்லுதே. மூணு வரைக்கும் உயிரோட இருந்திருக்கார். அப்புறம் கால் தடுக்கியிருக்கு. விதி."

தப்பித்துவிட்டாள்!

ஃபோனை எடுக்கவில்லையே என்று பதறி வந்தார் கண்காட்சி நடத்தும் டொங். உடலைப் பார்த்துத் தேம்பினார். பிறகு படத்தைப் பார்த்தார்... தேம்பல் நின்றது.

"வாத்தியார் இப்படி ஒண்ணு வரைஞ்சதே இல்லையே. பெய்ஜிங்ல நடு ஹால்ல மாட்டுறேன். அவர் பேர் காலத்துக்கும் நிக்கும். அண்ணி, மை அரைச்சுக் குடுத்தீங்களே, உங்களுக்கும் புண்ணியம்தான்."

மை அரைத்துக் கொடுத்தாளாம்!

இருபது வருடமாக வரைந்ததெல்லாம் அவள். முத்திரை மட்டும் அவருடையது. போன வாரம் ஒரே ஒரு படத்தில் தன் முத்திரையைக் குத்தினாள். இன்று காலை அவர் அந்த முத்திரையைக் கல்லில் தேய்த்தார். அவள் பெயர் மழுங்கிப் போகும்வரை தேய்த்தார்.

அவர்மேல் அவளுக்கு ஆசையும் இருந்தது. அதுதான் கொடுமை. அந்த அழுகையில் பொய் இல்லை.

பேசாமல் இருந்தால் உயிர் தப்பும். ஆனால், செய்ததிலேயே நல்ல படம் அவர் பெயரில் போகும்.

"அது என் கை" என்றாள்.

"என்ன அண்ணி?" டொங் திரும்பினார்.

"அந்தக் கோடு என் கை. எல்லாப் படமும் என் கைதான்."

"துக்கத்துல புத்தி கலங்கிடுச்சு, பாவம்" என்றார் டொங்.

பெங் மட்டும் அதை ஏற்கவில்லை. தூரிகையை நீட்டினார்.

வாங்கினாள். தரையில் விரித்த காகிதத்தில் ஐந்தே இழுப்பு... அதே மலை!

டொங் நாற்காலியைத் தேடினார்.

"இதை எப்ப வரைஞ்சீங்க?" பெங்கின் குரல் இறங்கியிருந்தது.

"காலைல. அவர் பக்கத்துல கிடந்தார். மூணு மணின்னு நான்தான் எழுதினேன்."

சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

பெங் பெருமூச்சு விட்டார்.

"உங்க கையை நம்பின முதல் ரசிகன் நான்தான்மா... என்ன பண்றது, மாலைக்குப் பதிலா விலங்கு கொண்டு வந்துட்டேன்!"